இருநூறு மணி நேரத்தின் கணக்கு: புதுக்கோட்டைத் தாய்மார்கள் எழுத்தைப் பிடித்த விதம்

வேலை நெருக்கடியில் இருக்கும் தாய்மார்களுக்கு நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, இரவு பத்தரைக்குப் பாத்திரம் கவிழ்த்துவிட்டுப் படுக்கிறவளிடம் இதைச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அவளுக்கு மனம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இந்த அறிவுரைகள் எல்லாம் தொடங்குகின்றன. அந்த நினைப்பே தவறு என்று எனக்குப் படுகிறது. அதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. அது ஒரு தனிப் பெண்ணின் வெற்றிக் கதை அல்ல, ஒரு மாவட்டத்தின் கதை.

1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்களில், பகலெல்லாம் களை எடுத்தும் கல் உடைத்தும் பூப்பறித்தும் வந்த பெண்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்ற அளவில் எழுதவும் படிக்கவும் கற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். கற்றதோடு நிற்காமல் சைக்கிளும் ஓட்டினார்கள். அறிவொளி இயக்கம் என்ற பெயர் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். அதை எழுத்தறிவுப் பிரச்சாரமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். ஓய்வே இல்லாதவர்கள் நாள்தோறும் சிறிதளவு செய்து ஒரு பெரிய காரியத்தை முடிப்பது எப்படி என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான நிகழ்வு தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

களம்

புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். 1974இல் தனி மாவட்டமானது. மழையை நம்பிய மண். கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையென்றால் கூலி. கீரமங்கலம் பக்கம் பூ விளைகிறது. பல இடங்களில் கல் குவாரி. பட்டை தீட்டும் கல் வேலை வீடுகளிலேயே நடந்தது. இந்த மண்ணில்தான் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தார். ஆண்களுக்கான மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு மன்னரின் அனுமதியே வேண்டியிருந்தது. ஒருத்திக்காகக் கதவு திறந்த அந்தச் செய்தியைப் பள்ளிப் பாடங்களில் படிக்கிறோம். நூறாண்டு கழித்தும் அதே மண்ணின் கிராமப் பெண்கள் பலர் ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பாடங்கள் சொல்வதில்லை.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் 39.29 விழுக்காடு. தமிழ்நாட்டில் 51.33. நூற்றுக்கு ஐம்பது பேருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருபத்திரண்டு புள்ளிகளுக்கு மேல் இடைவெளி இருந்தது.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே 5 அன்று தொடங்கப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இல்லாமல், தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டே ஒரு மாவட்டம் முழுவதையும் கற்பிக்க முடியும் என்று அங்கே கண்ட வழி மற்ற இடங்களுக்கும் பரவியது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், பள்ளி ஆசிரியர்களும், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் இதில் இறங்கினார்கள். கற்போரின் வயது வரம்பு 9 முதல் 45. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்புகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. "முழு" என்ற சொல் அரசு மேடைகளுக்கு உரியது. ஆனால் பெருந்திரளான பெண்கள் மாலைதோறும் உட்கார்ந்து படித்தார்கள் என்பது மேடைப் பேச்சு அல்ல.

ஒரு நாளில் எங்கே இடம்?

அந்தப் பெண்களில் ஒருத்தியின் நாளை எடுத்துக்கொள்வோம். கோழி கூவும்போது எழுந்து வாசல் தெளிக்க வேண்டும். குழாயிலோ ஊருணியிலோ தண்ணீர் எடுக்க வேண்டும். மாட்டைப் பிடித்துக் கட்டி, கஞ்சியோ சோறோ ஆக்கி, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போட்டு, மிஞ்சியதைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஏழு ஏழரைக்கெல்லாம் வேலைக்குப் போக வேண்டும். நடவாக இருந்தால் குனிந்த முதுகு நிமிராது. குவாரியாக இருந்தால் கையில் சுத்தியல். திரும்பும் வழியில் விறகு. வீட்டுக்கு வந்தால் மறுபடி தண்ணீர், மறுபடி அடுப்பு. கைப்பிள்ளை இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் நடுவே அதுவும்.

இதில் எந்த இடத்தில் படிப்பை நுழைப்பது? விடிகாலையில் இடமில்லை. பகல் அவளுடையது இல்லை. அடுப்பு அணைந்ததற்கும் உறக்கம் வருவதற்கும் இடையே ஒரு சிறு இடுக்கு இருந்தது. ஏழரை, எட்டு மணிக்குப் பிறகு. அறிவொளி அந்த இடுக்கைத்தான் பிடித்தது. அதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு இயக்கம் முடிவு செய்ததை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். பகல் பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் வகுப்பு வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை, ஆர்வம் இல்லை" என்று குறிப்பு எழுதியிருக்கலாம். பல திட்டங்கள் அப்படித்தான் எழுதி முடிந்தன.

வகுப்பு நடந்த இடங்களும் அப்படியே. கோயில் வாசல், சாவடி, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை, தெருவிளக்கின் அடி. மின்சாரம் இல்லாத இடத்தில் அரிக்கேன் விளக்கு. அவள் தெருவிலேயே இருந்ததால் பத்து நிமிடம் நடக்க வேண்டிய தேவைகூட இல்லை. கைப்பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மாவின் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அடுப்பில் ஏதாவது விட்டுவந்த நினைவு வந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒரு சிறு செயல் நாள்தோறும் நடக்க வேண்டுமானால், அதைத் தொடங்குவதற்கு ஆகும் சிரமம் அந்தச் செயலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேரம் நடந்து போக வேண்டியிருந்தால் மூன்றாம் நாளே அது நின்றுபோகும்.

கணக்கு

இனி எண்களைப் பார்ப்போம். தேசிய எழுத்தறிவு இயக்கம் ஒருவர் அடிப்படை எழுத்தறிவு பெற ஏறத்தாழ 200 மணி நேரம் என்று வைத்தது. மூன்று பாடநூல்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே கடினம். பாடம், எழுத்துப் பயிற்சி, சோதனை எல்லாம் ஒரே நூலுக்குள் இருந்தன. தனியாகத் தேர்வு மையம் இல்லை, பரீட்சைக் கட்டணம் இல்லை. அங்கேயே எழுதி, அங்கேயே திருத்தி, எங்கே நிற்கிறோம் என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

எட்டப்பட வேண்டிய அளவும் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் உரக்கப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் நிமிடத்துக்கு 7 சொல். சொல்லக் கேட்டு எழுதுவதில் 5 சொல். மூன்று இலக்கம் வரை கூட்டல், கழித்தல். ஏழு சொல் என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அரிவாளும் சுத்தியலும் பழகிய கையில் பென்சிலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஏழின் கனம் தெரியும்.

200 மணி நேரத்தை முழுநாள் வகுப்பாக வைத்தால், நாளுக்கு 8 மணி வீதம் 25 நாள். ஒரு மாதம்கூட இல்லை. ஆனால் கூலிக்குப் போகும் எந்தத் தாய்க்கும் அந்த 25 நாள் கிடைக்கவே கிடைக்காது. இருபத்தைந்து நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. அதே 200 மணியை ஒன்றரை மணியாக நறுக்கினால் 133 மாலைகள். வாரத்துக்கு ஆறு மாலை என்றால் 22 வாரம், அதாவது ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். நடவு, அறுப்பு, திருவிழா, சாவு, பிரசவம் என்று தடைகள் வரும். அவற்றையும் சேர்த்து ஆறேழு மாதம், சிலருக்கு ஓராண்டு. மொத்தச் சுமை மாறவே இல்லை. தூக்கக்கூடிய அளவுக்கு நறுக்கினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அதைத் தூக்க முடிந்தது.

நறுக்கியதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே மூச்சில் கற்றதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கற்றதே மனத்தில் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மேல் நடத்திய சோதனைகளில் கண்டார். நேற்று படித்த எழுத்து இன்று மாலைக்குள் பாதி மங்கியிருக்கும். மங்கியதை மறுபடி தேடி எடுக்கும் அந்த முயற்சியில்தான் அது வேரூன்றுகிறது. 25 நாள் முகாமில் அது நடந்திருக்காது.

பாடங்களின் அமைப்பும் இந்தச் சிறு அளவுக்கு ஏற்றபடிதான் இருந்தது. தமிழில் 247 எழுத்து என்று முதல் நாளே சொன்னால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். அகர வரிசையிலேயே தொடங்கினால் முதல் எழுத்தே சுழியும் வளைவுமாக முரண்டு பிடிக்கும். அறிவொளி நூல்கள் சொற்களிலிருந்து தொடங்கின. அவளுடைய வாழ்க்கையில் ஏற்கெனவே எடை உள்ள சொற்கள். பட்டா என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுத வேண்டிய எழுத்துகளில் பெரும்பாலும் நேர்கோடுகள்தாம். ட என்பது இரண்டு கோடு. ப என்பது மூன்று. அன்று மாலையே ஒரு முழுச் சொல் கைக்கு வந்துவிடும். தவிர, அந்தச் சொல் எத்தனை குடும்பங்களின் வயிற்றைக் கலக்கிய சொல்! நிலம் யார் பெயரில் இருக்கிறது, இருந்தும் ஏன் நம் கையில் இல்லை என்ற பேச்சு அந்த எழுத்தோடு சேர்ந்தே வந்துவிடும்.

சிறு செயலுக்கு இது ஒரு முக்கியமான இலக்கணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளின் துண்டும் தன்னளவில் ஏதாவது ஒன்றை முடித்துத் தர வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பலன் என்றால் களைத்தவள் வரமாட்டாள். இன்று என் பெயர், நாளை என் பிள்ளையின் பெயர், அடுத்த வாரம் பஸ்ஸின் பலகை. பஸ் நிலையத்தில் "இந்த பஸ் எங்கேப்பா போகுது?" என்று கேட்காமல் ஏறியதைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தலைமுறைப் பெண்களின் குரலில் வரும் நிமிர்வு தனி.

வாசலில் காத்திருந்த ஆள்

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், நல்ல நேரம், பக்கத்து இடம், சரியான துண்டு, இவை போதும் என்று தோன்றலாம். போதாது. இவை எல்லாம் இருந்தும் அவள் வராமல் போன மாலைகள் இருந்திருக்கும். அப்போது என்ன நடந்தது என்பதில்தான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது.

தொண்டர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவள். அவளுக்கு ஊதியம் இல்லை. நேற்று வரை "ஏ புள்ள" என்று கூப்பிட்ட பெண்ணைப் பாடம் சொல்லித் தரும்போது எப்படி அழைப்பது என்று மூத்த பெண்களுக்குத் தயக்கம் இருந்திருக்கும். தன் சித்தியையும் அத்தையையும் எழுதச் சொல்லித் திருத்துவது எப்படி என்று அந்தப் பெண்ணுக்கும் தயக்கம் இருந்திருக்கும். உறவுமுறைதான் இரண்டு பக்கத் தயக்கத்தையும் கரைத்தது. "அத்தை, சாப்பிட்டாச்சா? வாங்க, எல்லாரும் வந்துட்டாங்க" என்று வாசலில் நிற்கும் மருமகள் முறைப் பெண்ணிடம், வரமாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

அந்த அழைப்புக்கு முன்னேயே வேறு வேலைகள் நடந்திருந்தன. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டார்கள், பாடினார்கள். "இந்த வயசுல உனக்கு என்ன படிப்பு?" என்ற கேள்வியை வீட்டுக்குள் ஒரு மருமகள் தனியாக எதிர்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தெருவே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் சொல்லி முடித்திருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், யார் யாரைத் தடுப்பது?

இப்போது ஒரு தாயிடம் "உங்களுக்காக ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள்" என்கிறோம். அவளுடைய மனஉறுதியை மட்டும் நம்பி விட்டுவிடுகிறோம். புதுக்கோட்டையில் யாரும் யாருடைய மனஉறுதியையும் அப்படித் தனியே விடவில்லை. நாள்தோறும் வருவது அவளுடைய பொறுப்பு. வரவைப்பது பலருடைய பொறுப்பு. இந்த இரண்டாவது பொறுப்பைக் கழற்றிவிட்டு முதலாவதை மட்டும் பெண்களின் தலையில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சைக்கிள்

இந்தக் கதையின் மிக வளமான பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன்.

எழுத்தறிவு இயக்கத்துக்குள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார்கள். தொண்டர்களும் பொறுப்பாளர்களும் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸை நம்பினால் வேலை நடக்காது. பெண்களுக்கு நடமாட்டம் இல்லாமல் எழுத்து மட்டும் என்ன செய்யும் என்ற கேள்வியும் இருந்தது. ஆட்சியர் வங்கிகளிடம் பேசி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கச் செய்தார். பயிற்சி முகாம்கள் நடந்தன. 1992 மார்ச் 8 அனைத்துலக மகளிர் நாளில், கைப்பிடியில் கொடி கட்டிய 1500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

கேலி வராமல் இல்லை. தாவணி போட்ட பெண், சேலை கட்டிய தாய், தெருவில் சைக்கிளில் போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆனால் ஒருத்தி போனால் கேலி, நூறு பேர் போனால் வழக்கம். அங்கே நூறாயிரம் பேர் போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு செய்தி இதில் உண்டு. பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காதபோது பலர் ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு பெண்கள் சைக்கிள் கிடைத்தபோதும் சிலர் மாற்றிக்கொள்ளவில்லை. காரணம் அதன் குறுக்குக் கம்பி. அதன்மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் விற்பனைக்கான சரக்கு, இரு பக்கமும் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை. தாய்மையோடு சேர்த்து ஓட்டுவதற்கு எது உதவும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இங்கேதான் நேரத்தின் கணக்கு தலைகீழாகிறது. படிப்பு அவளிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டது. சைக்கிள் அவளுக்கு நேரத்தைத் திருப்பித் தந்தது. இரண்டு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுத்தவள் கால் பங்கு நேரத்தில் திரும்பினாள். வெகுநேரம் பஸ்ஸுக்காக நின்றவள் இப்போது நிற்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர்ச் சந்தையில் பூவையோ காயையோ விற்றுவிட்டு, பஸ் போய்விடும் என்ற பதற்றமில்லாமல் விலை பேச முடிந்தது. கணவனோ அண்ணனோ கொண்டுபோய் விடக் காத்திருக்க வேண்டியதில்லை. சில பொழுது அரை மணி, சில பொழுது ஒரு மணி, நாள்தோறும் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி வேறு வேலைக்குப் போயிருக்கும். ஒரு பகுதி ஓய்வுக்கும் போயிருக்கும். அந்த ஓய்வைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

இதே காலத்தில் மாவட்ட நிர்வாகம் சில கல் குவாரிகளின் குத்தகையைப் பெண்கள் குழுக்களுக்குத் தந்தது. ஒப்பந்தக்காரர்களுக்குக் கீழே கூலிக்குக் கல் உடைத்தவர்கள் தாங்களே கணக்கு வைக்க வேண்டிய நிலை வந்தது. லாரிக் கணக்கு, கூலிக் கணக்கு, பங்குக் கணக்கு. மூன்று இலக்கக் கூட்டலும் கழித்தலும் பாடநூலிலிருந்து இறங்கிக் குவாரிக்குள் வந்தது அப்படித்தான். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது, அது வேறொரு நீண்ட கதை.

மாலைகள் நின்றபோது

நிகழ்வு ஆய்வு என்றால் சரிந்த பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

மூன்று நூல்களும் முடிந்தன. விழா நடந்தது. அதன் பிறகு தொடர்கல்வி என்ற பெயரில் அடுத்த கட்டம் வந்தது. நூலகங்கள், வாசிப்பு வட்டங்கள், புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கான சிறு நூல்கள். முயற்சிகள் உண்மையானவை. ஆனால் முதல் கட்டத்தின் வேகம் அதில் இல்லை. இளம் தொண்டர்களுக்குத் திருமணம் ஆனது, வேலை கிடைத்தது, ஊர் மாறினார்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். மாலையில் வாசலுக்கு வந்து கூப்பிட ஆள் இல்லாமல் போனது. இந்தியா முழுவதும் எழுத்தறிவு இயக்கங்களில் இதே சிக்கல் தலைகாட்டியது. பயன்படுத்தாத எழுத்து மங்கியது. தட்டுத்தடுமாறிப் படித்தவர்களில் சிலர் கையெழுத்தோடு நின்றுவிட்டார்கள்.

இதை அந்தப் பெண்களின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நாள்தோறும் என்ற கயிற்றின் ஒரு முனையை இயக்கம் பிடித்திருந்தது. அது விட்டுவிட்டால் மறுமுனையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கயிறு தொய்யத்தான் செய்யும். சைக்கிள் மங்காததற்குக் காரணம் அதன் பயன் நாள்தோறும் தானாகவே வந்துகொண்டிருந்ததுதான். தண்ணீருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் வேண்டும். எழுத்துக்கு அப்படி ஒரு அன்றாடத் தேவையை ஊருக்குள் யாரும் உருவாக்கித் தரவில்லை. வங்கிக் கணக்கும் குழுப் பேரேடும் கையில் இருந்த பெண்களிடம் எழுத்து தங்கியதற்கு அந்தத் தேவை இருந்ததே காரணம். பின்னாளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பரவியபோது வாரக் கூட்டம், சேமிப்புப் புத்தகம், தீர்மான நோட்டு எல்லாம் வந்தன. எழுதத் தெரிந்தவளுக்கு அங்கே வேலை இருந்தது.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா ஊரில் வேறொன்று நடந்தது. அங்கேயும் எழுத்தறிவு வகுப்புகள், அங்கேயும் மாலையில் கூடிய தாய்மார்கள். பாடநூலில் சாராயத்தைப் பற்றிய ஒரு பாடம் வந்தது. படித்தார்கள், பேசினார்கள், தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அது மாநிலம் தழுவிய போராட்டமாகப் பரவியது. 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சில பெண்கள் கூடினால், பாடத்துக்கு வெளியேயும் ஏதோ ஒன்று விளைகிறது.

இன்றைய அடுக்களையில்

முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கோலம் மாறியிருக்கிறது, கணக்கு அதிகம் மாறவில்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! இடைவெளி ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

இந்தச் சூழலில் ஒரு தாய் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரத் தேர்வு. அதில் பாதிக் கேள்விகள் தமிழில் இருந்து வருகின்றன. பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் பத்தாம் வகுப்பை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது. அறிவொளியின் 200 மணி நேரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டால், நாளுக்கு அரை மணி வீதம் 400 நாள். ஓராண்டும் ஒரு மாதமும். எட்டக்கூடியது. நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 1200 நாள், மூன்றேகால் ஆண்டு. அதற்குள் இரண்டு தேர்வுகள் போய்விடும், ஆர்வமும் போய்விடும்.

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எவ்வளவு சிறியதானாலும் போதும் என்ற பேச்சு இப்போது பெருகியிருக்கிறது. போதாது. சிறிய அளவுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அறிவொளி ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேற்றைய எழுத்தை நினைவுக்குக் கொண்டுவரவே கால் மணி நேரம் ஆகும், மீதியில்தான் புதியது. பத்து நிமிடம் மட்டுமே கிடைக்கிறவளுக்கு அதைக் கொண்டாடும் வார்த்தைகளைத் தருவதைவிட, இருபது நிமிடத்தைத் தேடித் தருவதே மரியாதை.

தேடித் தரும் வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காசுக்காக நடந்துகொண்டிருந்தவள் இப்போது ஏறிக்கொள்கிறாள். 2022 செப்டம்பரில் 1545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. இட்லி ஊற்றிச் சட்னி அரைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் அந்தப் பரபரப்பு பல வீடுகளில் தணிந்திருக்கிறது. இவற்றைப் பணமும் சத்தும் சார்ந்த திட்டங்களாகப் பேசுகிறோம். தாயின் கையில் திரும்பி வந்த நிமிடங்களாகவும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையின் சைக்கிள் செய்த வேலையைத்தான் இவை செய்கின்றன.

தொண்டரின் இடத்தில் இன்று யார்? பல தாய்மார்கள் தமக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளி வாசலில் பிள்ளையை விடும் மூன்று பேர், அங்கேயே மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வேளாவேளைக்கு மணியடிக்கும் கைப்பேசியைவிட வலு அதிகம்.

கடைசியாக வீட்டுக்குள் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அரை மணி நேரம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொல்லும் நாளிலேயே, அந்த அரை மணியில் நடக்கும் வேலை எது, அது இனி யார் கைக்குப் போகிறது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிட வேண்டும். இரவு எட்டு மணி என்றால் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுவது கணவர். பிள்ளையைத் தூங்க வைப்பது தாத்தா. செவ்வாய், வெள்ளியில் கணவருக்கு இரவு வேலை இருந்தால் தட்டுகள் காலை வரை தொட்டியில் கிடக்கட்டும். அந்த இரண்டு நாளும் அவள் எழுந்து கழுவக் கூடாது.